பூவிளி

கடைக்காரர் கொடுத்தனுப்பிய தாளில்
ஏழு குறிப்புகள்.
ஐந்தாவதில் 'சொரியக் கூடாது' என்றிருந்தது.
பேனாவை எடுத்து றகரம் போட்டேன்.
மழைதான் சொரியும்,
கை சொறியும்.
மன்னார்குடி மேல ராஜவீதியில் பதினோரு வருஷமாய்ப்
பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் பிழை பார்க்கிறவள் நான்.
கண்ணீர் அஞ்சலியில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும்
எனக்குச் சோறு இறங்காது.

பிறகுதான் சட்டையைக் கழற்றிவிட்டுத்
திரும்பி உட்கார்ந்தான்.

இடது தோளில், சிவந்து வீங்கிய தோலில்,
என் பெயர்.
பூவிளி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெதுவெதுப்பான தண்ணீர். வாசனையில்லாத சோப்பு.
துண்டு வேண்டாம், நூல் ஒட்டும்,
உள்ளங்கையால்தான் கழுவ வேண்டும்.
பூவைக் கழுவினேன். வியைக் கழுவினேன்.
ளியில் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல,
ஸ்ஸ் என்றான்.

குறுவை அறுப்பு.
கொள்முதல் நிலையத்தில் நெல் அம்பாரமாய்க் கிடக்கிறது,
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள்.
மதியழகன் நாற்பது கிலோ மூட்டையை
இப்போது வலது தோளில் ஏற்றுகிறான்.
இத்தனை வருஷமும் இடதுதான் பழக்கம்,
லாரிப் பலகையில் ஏறும்போது
ஒரு பக்கமாய்ச் சாய்கிறானாம்.
"பொண்டாட்டி பேரு மேல மூட்டை வைக்கமாட்டானாம்டோய்."

நெல் சொணை விடவில்லை.
கழுத்து வழியாய் இறங்கி
ஆறாத எழுத்தில் போய் உட்கார்கிறது.
ராத்திரி ஒவ்வொரு தூசியாய் எடுத்துவிட்டுக்
களிம்பை மெல்லிசாய்த் தடவுகிறேன்,
அப்பினால் தோல் புழுங்கும்.
பாமணியாற்றில் இரு கரை தொட்டுத் தண்ணீர் போகிறது.
முங்கக் கூடாதாம். இவன் படியில் நின்று
இடுப்புக்குக் கீழே மட்டும்
சொம்பால் ஊற்றிக்கொள்கிறான்.

ஆறாம் நாள் உரியத் தொடங்கியது,
மீன் செதில் மாதிரி.
ளியின் சுழியில் ஒரு பொருக்கு
பாதி கழன்று ஆடியது.
இழுத்தால் மையும் சேர்ந்து வரும் என்று
தாளில் எச்சரிக்கை.
என் நகம் அங்கே ஒரு நிமிஷம் நின்றது உண்மை.

"ஒரு மாசம் கழிச்சு வந்தா
சும்மாவே சரி பண்ணித் தர்றேன்னாரு"
என்றான், சுவரைப் பார்த்தபடி.
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.
"எழுதிக் குடுக்கலியா நீ?"
"வாயால சொன்னேன்."

வாயால்.
தன் பெயரையே மதியளகன் என்றுதான் சொல்வான்.
மளை. வாளப்பளம். கிளக்கே போற பஸ்.
கட்டிக்கொண்ட ஆறு வருஷத்தில் எனக்கு
ஏய், இந்தாரு,
இல்லையென்றால் தட்டை நகர்த்தும் சத்தம்.
சித்திரையில் நீடாமங்கலத்தில் அண்ணன் வீட்டில் போய்
நாற்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.
அப்போதும் போனில் "எப்ப வர்ற" மட்டும்தான்.
அப்படிப்பட்டவன்
கும்பகோணத்தில் முன்பின் தெரியாத ஊசிக்காரனிடம்
முழுப் பெயரையும் சத்தமாய்ச் சொல்லியிருக்கிறான்.
மிஷின் இரைச்சலில்
இரண்டு தரம்கூடச் சொல்லியிருக்கலாம்.
காதில் விழுந்ததை அந்த ஆள்
பிசகாமல் எழுதியிருக்கிறார்.

விளி என்றால் கூப்பிடுவது என்று
நான் அவனுக்குச் சொல்லவில்லை.

நேற்று நள்ளிரவில் இடி.
நிலையத்திலிருந்து போன், தார்ப்பாய் இழுக்க ஆள் வேண்டுமென்று.
பிழையென்று திரும்பி வந்த ஃபிளெக்ஸ் ஒன்று
கட்டிலடியில் கிடந்தது,
யாரோ ஒரு மணமகளின் பெயரில் கால் ஒன்று குறைவு.
அதைத் தோளில் போர்த்திக்
கழுத்தோடு முடிச்சுப் போட்டு அனுப்பினேன்.
சொரிந்து தீர்த்தது.
விடியும்போது தெப்பலாய் நனைந்து வந்தான்,
அந்த ஒரு சாண் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

தூக்கத்தில் கை தோளுக்குப் போகிறது.
சொறியக் கூடாது, அரித்தால் தட்டலாம்.
அவன் கையை விலக்கிவிட்டு
விரல் நுனியால் தட்டுகிறேன்,
மூன்றாம் எழுத்தின்மேல், இரண்டு தரம்.

"என்ன" என்கிறான்,
கண் திறக்காமல்.