முப்பத்தைந்து

அந்தப் பந்தை விட்டிருக்கலாம் நான்.
தேவகோட்டையில் எழுவர் ஆட்டம், அரையிறுதி,
முதல் பரிசு ஒரு கிடா.
இன்னாசியின் பைக்குள் கோவா டிக்கெட்,
செவ்வாய்க்கிழமை ரயில்.

சறுக்கினேன்.
முதலில் பட்டது பந்துதான், இன்றைக்கும் சொல்வேன்.
நடுவர் விசில்கூட ஊதவில்லை.
சத்தம் மட்டும்
முற்றிய முருங்கைக்காய் ஒடிந்தாற்போல.

புதுவயல் அரிசி ஆலையில் எடை போடுகிறான் இப்போது.
படியேறினால் வலது கால் முன்னே போகும்,
இடது
பிறகு வந்து சேரும்.

நான் வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தைந்துக்கு மேல் ஒரு ஸ்ட்ரைக்கரை
எந்த கிளப் வைத்துக்கொள்ளும்?
இந்த மாசியில் அவனுக்கு முடிந்தது.
வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்:
"எப்படியும் இந்நேரம் பூட்ஸக் கழட்டியிருப்படா."
கடன் அடைந்த மாதிரி இருந்தது.

உமி பறக்கும் வெளிச்சத்தில்
தராசின் சிவப்பு எண்கள் அசையாமல் நிற்கும்வரை
பார்த்திருந்தான். சீட்டில் எழுதினான்.

"கழட்டியிருப்பேன்.
போன வருஷமே கோச்சிங் லைசென்ஸ் எடுத்திருப்பேன்.
பதிமூணு வயசுப் பசங்க டீம்.
இப்பத்தான மாப்ள ஆரம்பிச்சிருப்பேன்."

அடுத்த மூட்டையை
ஏற்றச் சொன்னான்.