மீன்பெட்டியில் மே மாதம்

வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில்
லாரியிலிருந்து கழற்றி இறக்கியிருந்தார்கள்,
தூத்துக்குடி மீனும் ஐஸும்
பதினோரு வருடம் பயணம் செய்த பெட்டி.
எடைக்குத்தான் விலை என்றான் கடைக்காரன்.
முக்கால்வாசி தெர்மாக்கோல், அதற்கும் இரும்பு விலையா என்று
அரைமணி நேரம் வாதாடி
ஆறாயிரம் குறைத்தார் குழந்தைவேலு, என் வீட்டுக்காரர்.

குளிரை உள்ளே வைத்திருக்கத் தெரிந்த சுவருக்கு
வெளியே நிறுத்தவும் தெரியும்.
அவ்வளவுதான் அவர் கணக்கு.

டிரெய்லரில் ஏறிக் கவுஞ்சி வளைவுகளில் அது வந்தபோது
மீன்வண்டி என்று நினைத்துச்
சட்டியோடு ஓடிவந்தாள் பக்கத்துக் காட்டுச் செல்லக்கனி.

மார்கழியும் தையும் கேரட் காட்டில் காவல்.
காட்டுமாடு இறங்கினால் தகரம் தட்ட வேண்டும்.
விடியுமுன் எழுந்து குழாய் பிடித்து
இலைமேல் உறைந்த பனியைக் கழுவ வேண்டும்.
வெயில் முந்திக்கொண்டால் கருகிவிடும்.
பனியில் பயிர் கருகும் என்றால்
கீழே இருப்பவர்கள் நம்புவதில்லை.

பெட்டிக்குள் அவர், ஒரு டார்ச், ஒரு கரிச்சட்டி.
தரை மூலையில் ஒரு ஓட்டை,
ஐஸ் உருகி வடிய யாரோ வைத்தது, கை நுழையும்.
கரி போட்ட இரவில் அதை அடைக்கக் கூடாது.
அடைத்துவிட்டுத் தூங்கிய ஒருவனை
மறுநாள் இழுத்து வெளியே போட்ட கதை
கிளாவரையில் உண்டு.

சித்திரை பிறந்தால் சீசன்.
வீட்டுக்குக் கெய்சர் வைத்து, நீலப் பெயிண்ட் அடித்து
மதுரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம்.
கொழுந்தனார் குடும்பம்
கொடைக்கானலில் சோளம் சுட்டு விற்கப் போய்விடும்.
நாங்கள் இருவரும்
ஒரு பாய், ஒரு ஸ்டவ், இரண்டு தட்டோடு
பெட்டிக்குக் குடிபோனோம்.
ஏரி தெரிகிற தரிசில் நிறுத்திச்
சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

வெயில் ஏறியதும் மீன் உயிர்த்துவிட்டது.
பனிக்காலம் முழுக்கச் செத்துக் கிடந்த வாசனை
பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்கிறது.
எலுமிச்சை தேய்த்தேன். சாம்பல் தேய்த்தேன்.
யூகலிப்டஸ் தைலம் அரைப் புட்டி.
இப்போது
சளி பிடித்த மீன் போல நாறுகிறது.
ஊர்ப் பூனைகள் ஐந்தும் சக்கரத்தடியில்
பஞ்சாயத்துக் கூட்டியிருக்கின்றன.
நான் கடலைப் பார்த்ததில்லை.
இதுதான் போலிருக்கிறது.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்.
மீனுக்கு உள்ளிருந்து பூட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?
இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்துக்
கொக்கி அடித்தார்.
மாட்டிப் பாரு என்றார்.

மாட்டினேன்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம்.
நான்கு அறை, ஒன்பது பேர்.
எந்தக் கதவையும் சாத்திவிட்டு
அதன் பின்னால் நான் சும்மா நின்றதில்லை.
நின்றேன்.
சாதம் குழைந்தது.

மூன்றாம் நாள் வாடகைக்காரர்கள் வந்தார்கள்.
பையனுக்குப் பெட்டியைப் பார்க்க வேண்டுமாம்.
ஓட்டைமேல் குப்புறப் படுத்து
நூலில் பிஸ்கட் கட்டி இறக்கினான்.
பெரியவர்கள் நாங்களும்
மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நூல் இழுத்தது.
கத்தினான்.
மேலே இழுத்தால்
பாதி பிஸ்கட்,
அதைத் தொடர்ந்து ஒரு சாம்பல்நிறப் பாதம்.

வீட்டைவிட ஐந்நூறு கூடத் தருகிறேன்,
இன்றிரவு இங்கே படுக்கட்டுமா என்றார் பையனின் அப்பா.
என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்,
மனதுக்குள் பணத்தை வாங்கி மடித்து வைத்துவிட்ட பார்வை.
இது வாடகைக்கு இல்லைங்க என்றேன்.
யாரோ சொன்னது போல இருந்தது.

இரவு மஞ்சு இறங்கி ஏரியை மூடியது.
ஓட்டை வழியே காற்று
ஒரே சுரத்தில் ஊதிக்கொண்டிருந்தது.
இருட்டில் அவர் சொன்னார்:
ஐந்நூறு.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி:
ஐந்நூறு ரூபாய்டி.

கொக்கியைத் தடவிப் பார்த்தேன்.
மாட்டித்தான் இருந்தது.
மே முடிய
இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.