சுற்றறிக்கையில் ஒரு திருத்தம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்
என்றுதான் தொடங்கும்.
பதினோரு வருடமாக நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
கார்த்திகை பிறந்தால்
வணக்கத்துக்கு அடுத்த வரியில் மழை வந்துவிடும்.

வாடை திரும்பிவிட்டது. வடகடல் கொதிக்கிறது.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது.
ஐந்து ஏறினால் பள்ளி இல்லை.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு ஒழுகுவதால்
மறு அறிவிப்பு வரை ஆய்வகத்தில் நடக்கும்,
எலும்புக்கூட்டின் கையைப் பிடித்து யாரும்
குலுக்க வேண்டாம்.
(இந்த வரியைத் தலைமையாசிரியர் அடித்துவிட்டார்.)
அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போகவில்லை.
மழைக்கு விட்ட நான்கு நாளுக்கு
நான்கு சனிக்கிழமை.

அப்புறம் அந்த விழா.
பாடப்புத்தகத்தில் பக்கம் இல்லாதவர்களின் நாள்
என்று பெயர் வைத்தது சரித்திர டீச்சர் பௌசியா.
நீளம், பேனரில் அடங்காது என்றேன்.
அடங்காமல் இருக்கட்டும் என்றார்.

வீட்டில் உள்ளதைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம்.
ரொசாரியின் அம்மா
பாசிக்கு முங்கும்போது காலில் கட்டும் தட்டைத் தருகிறார்,
ஞாயிற்றுக்குள் திரும்ப வேண்டும்,
திங்கள் தொழில் இருக்கிறது.
தேயிலைக்கு ஆள் பிடித்த காலத்தில்
இதே மண்டபத்தில் அடைத்துவைத்து
மருந்து தெளித்து, கழுத்தில் மாட்டி
இலங்கைக்கு ஏற்றிவிட்ட தகர வில்லை
ஒன்று சுகிர்தன் வீட்டில் இருக்கிறதாம்.
எண் இருக்கிறது. பெயர் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு நூருல் ஐன்
வெறுங்கையோடு வந்து நின்றாள்.
வாப்பா வழியில் யாரோ ஒருவர்
ஆப்பிரிக்கக் கரையில் விலைபேசப்பட்டு
பாய்க்கப்பலில் வந்து கீழக்கரையில் இறங்கினார்,
வீட்டுப் பேச்சு அவ்வளவுதான்.
ஆதாரம் வேண்டாமா அம்மா என்றார் தலைமையாசிரியர்.
அவள் ரிப்பனை அவிழ்த்தாள்.
சுருட்டை, சுருட்டை என்று கூப்பிட்டதற்காக
ஆறு வருடம் எண்ணெய் வைத்துப் படியவைத்த முடி
அலுவலக அறையில் எழுந்து நின்றது.
காட்சிப்பொருள் பட்டியலில்
எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல்
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடம்: சத்துணவுக் கூடம்.
நாள்: தை கடைசி வெள்ளி.
நேரம்: மாலை ஆறு மணி,
கடலுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு வர வசதியாக.

நானூறு பிரதி போயின.
கையெழுத்துத் துண்டுகள் மறுநாள் வந்தன,
பாதி நனைந்து, சிலவற்றில் மீன் செதில் ஒட்டி.
ஒன்றின் பின்புறம் பென்சில் எழுத்து:

வர விருப்பம் டீச்சர்.
ஆனா ஆறு மணிக்கு முகாமில பேர் கூப்பிடுவாங்க.
கூப்பிடும்போது நிக்கணும்.
கைக்குழந்தையா வந்ததிலயிருந்து,
முப்பத்திரண்டு வருசமா நிக்கிறேன்.
மகன்கிட்ட வில்லையை மட்டும் குடுத்துவிடுறேன்.
தொலைச்சிடாம பாத்துக்கோங்க.
தர்மினி, சுகிர்தனின் தாய்.

முகாமிலிருந்து நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
மற்ற நாற்பத்தொரு துண்டுகளிலும்
'வர இயலாது' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.
காரணம் எழுதத்தான் இடம் விட்டிருக்கவில்லை, நான்.

பௌசியா டீச்சர் துண்டைப் படித்தார்.
சரித்திரம் நடத்துகிறவர் கொஞ்ச நேரம்
சும்மா இருந்தார்.
தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மூன்று மணி என்று போடுங்கள் என்றார்.

திருத்தம்: விழா மாலை மூன்று மணிக்கு.
நிர்வாகக் காரணங்களால் என்று
விரல் தானாக அடித்தது, பழக்கம்.
அழித்தேன்.
நம் பெற்றோரில் சிலரின் பெயர்
ஆறு மணிக்குக் கூப்பிடப்படுவதால்
என்று அடித்தேன்.
தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார்.
பேனாவைத் திறந்தார்.
கையெழுத்து மட்டும் போட்டார்.

இடம் மிச்சமிருந்தது. அதனால் அடியில் சேர்த்தேன்:
கூண்டு இறக்கியாயிற்று.
நாளை பள்ளி உண்டு.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு மட்டும்
இன்னும் ஆய்வகத்தில்.