தலை பொருத்துகிறவன்

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை.
இரவு பதினொன்றரை.
இருபதுக்கு நாற்பது ஃப்ளெக்ஸ்.
வட்டச் செயலாளர் பிச்சாண்டி
வாட்சப்பில் அனுப்பியது தலைவர் முகம் மட்டும்;
உடம்பு என் பொறுப்பு.

உடம்புகளுக்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன்.
பறக்கிறது, பாய்கிறது,
ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறது.
எல்லாம் வெளிநாட்டுத் தோள்.
தோலை நம் நிறத்துக்கு இறக்கி
முதுகுத் துணியைக் கட்சி வண்ணத்தில் நனைத்து
கழுத்தில் ஒரு நிழல் வைத்தால்
ஒட்டு தெரியாது.

"கையை இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா."
கீழே ஜனங்க, என்றேன்.
"புள்ளி புள்ளியா வெச்சிடு."

ஒரே கூட்டத்தை நாலு முறை ஒட்டினேன்.
மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி
நாலு இடத்தில் நின்று
ஒரே மாதிரி வாய் பிளந்து
மேலே பார்க்கிறாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால்
கௌண்டன்ய ஆறு வீட்டுக்குள் வந்த வருஷம்
மொட்டைமாடியில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.
ஹெலிகாப்டர் சத்தம்.
கைலியை அவிழ்த்துச் சுழற்றினேன்
வெறும் டவுசரோடு.
அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

கயிறு கீழேயிருந்து வந்தது.
பீடிக் கம்பெனி மூட்டை கட்டுகிற கயிறு.
ஒரு முனை கனகவல்லியக்கா இடுப்பில்,
மறுமுனையில் யார் யாரோ.
இறங்கிய பிறகும்
வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் கொஞ்ச நேரம்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

தலை பொருத்துவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.
வைகாசி முதல் நாள்
கங்கையம்மன் சிரசு தெருத்தெருவாக வரும்.
தேங்காய் ஓடு காலில் குத்தும்.
வேறொருத்தி உடம்பில் அந்தத் தலை ஏறும்.
ஊரே கேட்கும், அழும்,
உரிமையாகத் திட்டவும் செய்யும்.
இருட்டினால்
இறக்கிவிடுவோம்.
ஆத்தாளுக்கே ஒரு பகல்தான் இங்கே.

இதை எப்போ இறக்குறது
என்று பிச்சாண்டியிடம் கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
பழைய பாக்கி மூவாயிரத்து இருநூறு நிற்கிறது.

மெஷின் ஓடுகிறது.
முதலில் வானம்,
அப்புறம் தலைமுடி, நெற்றி,
அரை மணி நேரத்துக்கு மார்பு.
கடைசியில்தான் ஜனங்கள்.
அதற்குள் மஞ்சள் மை தீர்ந்துபோனது.
புடவைக்காரி நாலு பேரும்
வெள்ளைச் சேலையில் வருகிறார்கள்,
மேலே பார்த்தபடி.

நிறுத்தினால் மொத்த ஷீட்டும் வீண்.
விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு
நின்றிருக்கிறேன்.