ஆறாவது பக்கம்

நீ பஸ்ஸில் இரண்டாம் ஷிப்ட்.
நான் சயான் ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி டியூட்டி.
காலை ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும்தான்
இந்த வீட்டில் கணவன், மனைவி.
அதிலும் பாதியைக் குழாய்த் தண்ணீர்
எடுத்துக்கொள்ளும்.

அப்படியொரு ஒன்பது மணியில்
இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டாய்:
"இந்தத் தீபாவளிக்குக் கந்தீலை நாமே கட்டிருவோமா?"
வாயில் பிரஷ்ஷோடு
நான் தலையாட்டியது
சம்மதமா தூக்கமா,
எனக்கே இன்னும் தெரியாது.

மாஹிமில் கூடை முடைகிறவரிடம்
மூங்கில் வாங்கி வந்தாய்,
சீவியெடுத்த பதினெட்டுக் குச்சி.
தொண்ணூறடி ரோட்டுப் பட்டக் கடையில்
நான் மஞ்சள் காகிதம் கேட்டு வாங்கினேன்.
வீட்டுக்கு வந்து பிரித்தால்
பச்சை.

ராத்திரி பதினொன்றரைக்கு நீ கட்டுவாய்.
சாயங்காலம் ஐந்துக்கு எழுந்து நான் அவிழ்ப்பேன்.
கோணல். சொன்னால் கேட்டால்தானே.

டிக்கெட் மெஷின் சுருளைக் கிழித்து
நீ எழுதி வைத்த சீட்டு:
"நாலு மூலை ஆச்சு. அஞ்சாவது முறைக்குது.
மாவு புளிச்சிருச்சு, தோசைக்கு ஆகாது."
லேப் லேபிளில் எழுதிக் குச்சியிலேயே
நான் ஒட்டிய பதில்:
"பெயர்: கந்தீல். வயது: மூன்று நாள்.
புகார்: இடது தோள் சரிவு.
நூலை இறுக்கிக் கட்டவும், தினம் ஒரு வேளை."

சிரித்திருப்பாய்.
நான் பார்க்கவில்லை.
மறுநாள் தோள் நிமிர்ந்திருந்தது.

அவிழ்த்து அவிழ்த்தே
உன் முடிச்சு எனக்குப் பாடமாகிவிட்டது.
மூன்று சுற்று, ஒரு திருகு,
பல்லால் கடித்த நுனி.
கத்தரிக்கோல் ஆணியில்
அப்படியே தொங்குகிறது.

மைதாப் பசையை மூடாமல் போன அன்று
எறும்பு.
"பசை" என்று மட்டும் எழுதியிருந்தாய்.
"தெரியும்" என்று எழுதினேன்.
கல்யாணமாகி மூன்று வருஷத்தில்
நம்முடைய பெரிய சண்டை அதுதான்.

ஐந்து பக்கம் ஒட்டி முடிந்தது.
கடைசியை நீ ஒட்டட்டும் என்று
காகிதத்தை மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.
காலையில் வந்து பார்த்தால்
மடித்தது மடித்தபடி. பசை காய்ந்து கிடந்தது.
சீட்டும் இல்லை.

"உனக்குன்னுதான் விட்டேன்."
"நானும்."
அதற்குள் குழாயில்
தண்ணீர் வந்துவிட்டது.

தீபாவளியன்று
இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஷிண்டேக்குக் கொடுத்து
ஒரு சாயங்காலம் வாங்கியிருந்தாய்.
ஸ்டூலில் நீ, ஸ்டூலைப் பிடித்து நான்.
திறந்த பக்கம் நம் வாசலைப் பார்த்து நின்றது;
திருப்பிவிடப் போனவன் விட்டுவிட்டாய்.

வராந்தா முழுக்க
எல்லார் வீட்டு வெளிச்சமும் நிறம் பூசி வெளியே போக
நம்முடையதில் ஒரு பங்கு மட்டும்
வெறும் பல்பு வெளிச்சமாய் உள்ளே வந்தது.
குடத்தின் மேல், காயப்போட்ட காக்கிச் சட்டையின் மேல்,
பெருக்காத மூங்கில் சிராய்களின் மேல்.
கடை முறுக்கைத் தின்றபடி
நாற்பது நிமிஷம் அதில் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து வீட்டு சுனந்தா தாயி அண்ணாந்து பார்த்து
ஒரு பக்கம் மறந்துட்டீங்களே என்றாள்.
மராத்தியில் நீ என்னவோ சொன்னாய்.
வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனாள்.
என்ன சொன்னே?
அப்புறம் சொல்றேன்.
வருஷம் ஒன்றாகப் போகிறது.

கீழே இறங்கி ரோட்டிலிருந்து பார்த்தேன்.
திறந்த பக்கம் தெரியவில்லை.
தெருவுக்கு அது முழுக் கந்தீல்,
கொஞ்சம் அதிகப் பச்சை.

பஸ்ஸில் உன் இடத்தில் ஷிண்டே.
சில்லறையை நீட்டிய என் விரல் நகங்களில்
காகிதச் சாயத்தைப் பார்த்துவிட்டு
இந்தியும் தமிழுமாகக் கேட்டார்:
"சுடலைமுத்து வீட்டம்மாவா?
ஆறாவது பக்கம் என்னாச்சு?"

டிப்போ முழுக்கச் சொல்லியிருக்கிறாய்.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
பழக்கம்.