தெற்குச் சுவர் ஒரு சாண் குறைவு

நாடாவின் ஒரு நுனி மரியநேசத்தின் கையில்,
மறு நுனி என் பெருவிரலுக்குக் கீழே.
வடக்குச் சுவர் தொண்ணூற்றொரு அடி.
தெற்குச் சுவர் தொண்ணூறே கால்.
"திரும்ப அளப்பம்" என்றேன்.
திரும்ப அளந்தோம்.
வெயில்தான் கூடியிருந்தது.

கூரை இல்லை.
பறங்கியன் கட்டினது என்கிறது
வெள்ளாங்கேணிச் சனம்.
பறங்கியன் கல் சுமந்ததாக
எங்கும் எழுதியில்லை.

கல் கடலிலிருந்து வந்தது.
முருகைக்கல்.
கிட்டப் போனால் மூளை மடிப்பு, தேனடை,
ஒரு காலம் உயிர் குடியிருந்த துளைகள்.
சாந்துக்குப் பனங்கட்டி கரைத்ததாகக் கதை.
மரியநேசம் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"உப்புத்தான்" என்று துப்பினான்.

பீடத்துக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில்
ஒன்று மட்டும் கருங்கல்.
தாமரை இதழ்கள் தலைகீழாக.
எந்தக் கோயில், எந்தப் படி?
குறிப்பேட்டில் இடம் விட்டேன்.
அது இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

ஒல்லாந்தன் சுரூபங்களை இறக்கி
சுவருக்கு வெள்ளையடித்தான்,
உள்ளேயே பள்ளிக்கூடம் வைத்தான்,
வராத பிள்ளைக்குத் தண்டம் போட்டான்.
வெள்ளை உதிர்ந்த ஓரிடத்தில்
உள்ளங்கையளவு நீலம்.
மாதாவின் சேலைக் கரையோ
வெறும் பூஞ்சணமோ.

பிறகு ஆடுகள்.
பிறகு முட்கம்பி, இருபத்தாறு வருஷம்.
மேற்கு வாசலை மண்மூட்டையால் அடைத்தவன்
தூணில் கோடு கீறியிருக்கிறான், ஐந்தைந்தாக.
லீவுக்கு எண்ணியிருப்பான்.
அதையும் வரைந்தேன்,
அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐந்து.

நாடா அறுந்தது மூன்று மணிக்கு.
"கையாலே பாப்பம்" என்று
அவன் வடக்கே முழம் போட்டுப் போனான், நான் தெற்கே.
தன் பக்கம் அறுபது என்று கத்தினான்.
எனக்கு அறுபத்தைந்து.
சிரித்தோம்.
சிரித்து முடிய முன்னரே
எனக்குப் புல்லரித்தது.

இரண்டு பக்கமும் அறுபதுதான்.
கட்டினவர்கள் இரண்டு கொத்தனார்கள்.
ஒருவன் கை மற்றவன் கையைவிட
ஒரு நெல்லளவு நீளம்.
அறுபது தரம் அந்த நெல்
சேர்ந்து சேர்ந்து
ஒரு சாண்.

பெயர் இல்லை. சாதி, ஊர், கூலி,
ஞானஸ்நானம் விரும்பித்தான் எடுத்தானோ
ஒன்றும் இல்லை.
முழங்கை மட்டும் இருக்கிறது.

அந்தக் கோணலை வாங்கிக்கொண்டு
பீடத்து வளைவு
ஒருக்களித்து நிற்கிறது இன்றைக்கும்;
ஷெல் விழுந்தும் விழவில்லை.

கந்தோரில் என் வரைபடத்துக்கு
சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்:
"சுவர்கள் சமனில்லை, சரிபார்க்க."

சரிபார்த்தேன்.
சமனில்லை.