நூற்றி எண்பது டிகிரி

மாத்தூரில் தகரக் கூரையின் கீழ் எங்கள் ஆய்வகம்.
முன்பு லேத் பட்டறை. தரையில் இன்னும்
இரும்புச் சுருள் கிடக்கும், செருப்பைக் குத்தும்.

செய்த பொருள் இதுதான்:
தேனடை போல் ஒரு பீங்கான் உருளை,
ஒன்று விட்டு ஒன்று வாயடைத்த துளைகள்.
உள்ளே போன புகை
சுவருக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும்.
கரி சுவரில் தங்கிவிடும்.
தங்கிய கரியை இன்ஜினின் சூடே எரித்துவிடும்,
முந்நூற்றைம்பது டிகிரி கிடைத்தால் போதும்
என்று எழுதியிருந்தோம்.

முதல் உருளை சூளையிலேயே விரிந்தது.
மூன்றாவது நசீமா கையிலிருந்து விழுந்தது.
(அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)
ஆறாவது புனேவுக்குப் போய்
முத்திரையோடு திரும்பி வந்தது.
பார்சல் ஆபீசில் இறக்கியவர் கேட்டார்:
"இன்னாம்மா இது, இடியாப்ப அச்சா?"

ஏழாவதை எத்திராஜின் டிரெய்லரில் மாட்டினோம்.
புகைக்குழாய் வாயில் வெள்ளைக் கைக்குட்டை கட்டி
எண்ணூர் சாலையில் ஒரு சுற்று.
கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.
நசீமா அதில் முகம் துடைத்துக் காட்டினாள்.

ஒன்பதாம் நாள், இரவு இரண்டு மணிக்குப் போன்.
"மேடம், வண்டி மூச்சு வாங்குது.
எர்ணாவூர் பாலம் ஏற மாட்டேங்குது."

கழற்றினோம்.
துளை துளையாக எரியாத கரி,
தராசில் எழுபத்தோரு கிராம்.
வெப்பப் பதிவை விரித்தால்
மலையும் பள்ளமுமாக இருக்க வேண்டிய கோடு
கொடிக்கயிறு போல நீண்டு கிடந்தது.
நூற்றி எண்பது. நூற்றி எண்பது. நூற்றி எண்பது.

ஜீரோ கேட்டுக்கு முன்னால் ஏழு கிலோமீட்டர்,
அதைக் கடக்கப் பத்தொன்பது மணி நேரம்.
ஓடினால்தான் சூடேறும்.
வண்டி உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது.
எங்கள் கணக்கில் சாலை இருந்தது,
வரிசை இல்லை.

முதலாளி கண்ணபிரான் உருளையை மேசையில் வைத்தார்.
"உன் டப்பா காத்தைக் காப்பாத்தும்மா,
என் டீசலை யாரு காப்பாத்துவா?"
டீக்குக் காசு அவரே கொடுத்தார்.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அழைப்பு.
கல்யாண மண்டபம், தனகோட்டி அம்மாள்.
வரவேற்பன்று கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்டு,
மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கரும்புள்ளி.
சம்பந்தி வீட்டில் இன்னும் பேசுகிறார்களாம்.
அவர் விலை கேட்கவில்லை.
"வியாழக்கிழமை முகூர்த்தம். அதுக்குள்ள மாட்டிடுவியா?"

மாட்டினோம்.
ஏசி, சீரியல் விளக்கு, நாயன மைக்,
எல்லாப் பாரமும் ஒரே நேரத்தில் இழுக்க
நானூறைத் தாண்டியது முள்.
கரி தன்னால் எரிந்தது.
பந்தியில் எங்களுக்கும் இலை போட்டார்கள்.

இப்போது நாற்பத்துமூன்று மண்டபம்,
காசிமேட்டில் இரண்டு ஐஸ் பேக்டரி.
விளம்பர அட்டையில் சிரிக்கும் மணப்பெண்.
வங்கி மேனேஜர் எழுந்து நின்று கைகொடுக்கிறார்.
'சமூகப் பயன்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
தூய காற்று என்று எழுதினேன்.
பொய் இல்லை. ஆனாலும்
பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய் இரவுகளில் வரிசைக்குப் போகிறேன்.
சாலையோர வீடுகளில்
பள்ளிச் சட்டைகள் வீட்டுக்குள் காய்கின்றன.
எத்திராஜின் கேபினில் எட்டாவது உருளை,
பேட்டரியில் சூடேறும் கம்பிச்சுருளோடு.

"பேட்டரி எறங்கிட்டா நீ வந்து தள்ளுவியா?"
"தள்ளுறேன்."
"நாப்பது டன்னும்மா."
"தெரியும்."

முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
அவரும் நகர்த்தி நிறுத்தினார்.
டார்ச்சு அடித்து முள்ளைப் பார்த்தேன்:
நூற்றித் தொண்ணூற்றி நாலு.
நோட்டில் எழுதி, நேரமும் குறித்துக்கொண்டேன்.